அடித்துவிட்ட வரி

காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தைத் திறந்ததும் ஆலோசகர் தம் நாற்காலியில் உட்காருவதில்லை. மேசைக்கு எதிர்ப்புறம், வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் மூன்று நாற்காலிகளில் ஒன்றில் ஐந்து நிமிடம் அமர்ந்து, அங்கிருந்து என்னென்ன தெரிகிறது என்று பார்ப்பார். ஜன்னல் வெயில் கண்ணில் விழுகிறதா, கணினித் திரை தம் முகத்தை மறைக்கிறதா, வேறொருவருடைய கோப்பு பெயர் தெரியும்படி கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுவார். கடன்பட்டு வருகிறவர் கண்ணில் வெயில் அடித்தால்கூட, நம்மை வேண்டுமென்றே இப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார் என்பது அவருடைய கணிப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த ஐந்து நிமிடத்தை அவர் தவறவிட்டதில்லை.

அலுவலகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் உதிரிபாகக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறக்கட்டளை நடத்துவது. கடனில் சிக்கிய குடும்பங்களுக்குக் கட்டணமின்றி வழிசொல்வதும், அவர்கள் சார்பில் கடன் கொடுத்தவர்களிடம் பேசித் தவணைத் திட்டம் போட்டுக் கொடுப்பதும் அங்கே வேலை. மக்கள் பைபையாகக் காகிதம் கொண்டுவருவார்கள். பாதி உறைகள் பிரிக்கப்படாமலே இருக்கும். உறையைப் பிரிக்காவிட்டால் உள்ளே இருக்கும் தொகை வளராது என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிற விந்தையை அவர் அன்றாடம் பார்த்தார்.

அவருடைய வேலைமுறையில் ஒன்று தனித்துவமானது. ஒரு வீட்டின் பெரியவர்கள் எல்லாரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, வீட்டுக்கு யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அவரவர் அறிந்தவரை எழுதச் சொல்வார். தாள்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கணவன் எட்டுப் பாக்கி என்று எழுதினால் மனைவி பதினொன்று என்று எழுதியிருப்பாள். அந்த வித்தியாசத்துக்குள்தான் வீட்டின் நோய் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதில் என்ன பலன் கண்டாய் என்று அவருடைய கணவர் கேட்பதுண்டு. சம்பளம் ஒரு பள்ளிக்கூட எழுத்தருடைய சம்பளத்தைத் தாண்டாது. நன்றி என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதும் இல்லை. கடன் தீர்ந்தவர்கள் கடைத்தெருவில் அவரைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். தங்கள் வீட்டு அலமாரியின் கடைசித் தட்டு வரைக்கும் பார்த்துவிட்ட ஒருத்தியின் முகத்தை யார்தான் விரும்புவார்கள்?

"இன்னிக்கு மூணு பேர் என்னைத் தெரியாத மாதிரி போனாங்க" என்று அவர் சில மாலைகளில் வீட்டில் சொல்வார்.

"நல்ல வேலை, நல்ல மரியாதை" என்பார் கணவர்.

"மரியாதைதான். இனிமே அவங்களுக்கு நான் வேண்டாம்னு ஆயிடுச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பார்.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு ஓர் அச்சகக்காரரும் அவர் மனைவியும் மாடியேறி வந்தார்கள். ரசீதுப் புத்தகம், மருத்துவமனைப் படிவம், நோட்டீஸ் என்று சில்லறை வேலைகள் செய்யும் சிறிய அச்சகம். அவர் இயந்திரத்தை ஓட்டுவார். மனைவி தாள்களை அடுக்கி, எண்ணிட்டு, தைத்து, ஒட்டிப் புத்தகமாக்குவார். அச்சு இயந்திரம் ஒரு நிதி நிறுவனத்தின் கடனில் வாங்கியது. ஆறு மாதத் தவணை நின்றுபோயிருந்தது. காகித வியாபாரிக்கு, கட்டட உரிமையாளருக்கு, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு என்று மேலும் மூன்று பாக்கிகள். இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல வண்டி அனுப்பப் போவதாக நிறுவனம் எழுதிவிட்டிருந்தது. இயந்திரம் போனால் மற்ற மூவருக்கும் கொடுக்க வழியில்லை, சோற்றுக்கும் வழியில்லை.

அன்றைக்கு வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். துண்டுத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிவரும்படி ஆலோசகர் அவர்களை அனுப்பிவைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்படி அனுப்பியது அதுதான் முதல்முறை. மறுநாள் வந்த இரண்டு தாள்களும் கடைசி இலக்கம்வரை ஒத்திருந்தன. நான்கு பெயர்கள், நான்கு தொகைகள், ஒரே கூட்டுத்தொகை. அவர் வியந்து பாராட்டினார். அடுத்து வந்த தம்பதியிடம், பெயர் சொல்லாமல், இப்படியும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டாகக்கூடச் சொன்னார்.

பிறகு மூன்று வாரம் நிறுவனத்தோடு இழுபறி. அங்கே இருந்த வசூல் அதிகாரி குரலை உயர்த்தாத மனிதர். அவர் எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு ஆபத்து என்று அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு மாதத் திட்டத்துக்குப் பஞ்சு ஒருவழியாகச் சம்மதித்தார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகு அந்த வீட்டின் வருமானத்தில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சும் ஒவ்வொரு காசும் மூன்று ஆண்டுகளுக்கு அந்த நால்வருக்கு மட்டுமே உரியது. புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. கையெழுத்துப் போடாவிட்டால் வியாழக்கிழமை வண்டி வரும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தனியாக வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் முப்பது ஆண்டுகளாக ஒப்பந்தச் சமையல்காரர். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. ஊழியர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஓர் அறை பார்த்திருக்கிறார். முன்பணம் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள், வியாழக்கிழமைக்குள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"செல்போன்ல மூணு நிமிஷத்துல கடன் குடுக்கறானாம். கூட வேலை பாக்கிற பொண்ணு எல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கா. பட்டன அமுக்கறது ஒண்ணுதான் பாக்கி. அமுக்கறதுக்கு முன்னாடி யாரையாச்சும் ஒரு வார்த்தை கேளுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றார்.

ஆலோசகர் அந்தச் செல்பேசியை வாங்கிப் பார்த்தார். சிறிய எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் பெருக்கினால் ஐம்பதாயிரம் ஓர் ஆண்டில் ஒன்றேகால் லட்சமாகியிருக்கும். அதைச் சொல்லவில்லை. வழக்கமான கேள்விகளைக் கேட்டார். முப்பது ஆண்டு வேலை பார்த்ததில் சேமிப்பு எதுவும் இல்லையா?

"ஊழியர் சேமிப்பு நிதியில ரெண்டு லட்சம் இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

"உங்களுக்கு யாராவது தர வேண்டியது இருக்காக்கா?"

"எனக்கு யாரு தரணும்? ஒருத்தரும் இல்ல."

"அந்த ரெண்டு லட்சம்?"

"அது தம்பிக்குக் குடுத்தது. அது கணக்குல வராதும்மா. தூக்கி வளத்த பிள்ள. பேப்பர் வெட்டுற மெஷின் ஒண்ணு வாங்கினான். கத்தியே என் கை நீளம் இருக்கும்னு வந்து சொன்னான். நீ ரிட்டயர் ஆனா என் வீட்டு உள்ரூம்ல இருந்துக்கோக்கா, உனக்குத்தான் அந்த ரூமுன்னான்." அந்த அம்மாள் சிரித்தார். "அந்த ரூம்லதான் மெஷின வெச்சிருக்கான். வேற எங்க வைப்பான்?"

ஆலோசகருடைய பேனா நின்றது. அந்த வட்டாரத்தில் அச்சகங்கள் பல உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய காகிதம் வெட்டும் இயந்திரம் ஒன்று, நாளைக்குக் கையெழுத்தாகப் போகும் திட்டத்தில் மூன்றாம் பக்கம், 'தொழிலுக்குத் தேவையான கருவி' என்ற தலைப்பின்கீழ் இருந்தது. தம்பியின் அச்சகம் எந்தத் தெருவில் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். அந்தத் தெருதான்.

"உங்க தம்பிகிட்ட இதைப் பத்தி நான் பேசலாமா?"

"வேண்டாம்." அதுவரை தழைந்திருந்த குரல் சட்டென்று இறுகியது. "அவன்கிட்ட நீங்க வாயத் திறந்தீங்கன்னா நான் இங்க வந்ததே தப்பாப் போயிடும். அவனே மூச்சு முட்டிக்கிட்டு நிக்கறான். நான் வேற போயி கழுத்துல ஏறி உக்காரணுமா? இங்க சொன்னது வெளிய போகாதுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கீங்களே, சும்மாவா?"

"சும்மா இல்லக்கா. போகாது. எனக்காக ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பட்டன வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் அமுக்காதீங்க."

"மத்தியானத்துக்கு மேல ரூம் போயிடும்மா."

"மத்தியானம் வரைக்கும் போதும்."

அந்த அம்மாள் இறங்கிப் போன பிறகு ஆலோசகர் நாளைய திட்டத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். தம்பி தம்மிடம் வந்திருப்பதை அக்காவுக்குச் சொல்ல முடியாது. அக்கா வந்துபோனதைத் தம்பிக்குச் சொல்ல முடியாது. இரண்டு வாயையும் பூட்டி இரண்டு சாவியையும் அவர் கையிலேயே கொடுத்திருந்தார்கள். நாளை பதினொரு மணிக்கு, 'இது முழுமையான விவரம்' என்ற வாசகத்தின்கீழ் அவரும் கையெழுத்திட வேண்டும்.

எறும்புகளைப் பற்றி ஒரு கதை சொல்லலாம். மழைக்கு முன் ஒரு புற்றின் எறும்புகள் கூடி, தாங்கள் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பட்டியல் போட்டனவாம். தானியம் சிந்திய காகத்துக்கு இவ்வளவு, வழிவிட்ட எலிக்கு இவ்வளவு, காவல் நின்ற ஓணானுக்கு இவ்வளவு என்று எழுதி முடித்தன. புற்றுக்குள் ஓடி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த வேரின் பெயரை ஓர் எறும்பும் எழுதவில்லை. வேர் ஒருநாளும் வாசலில் வந்து நின்று கேட்டதில்லை. கேளாதவரைப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் எறும்புகளுக்கு இல்லை. பட்டியல் மிகவும் நேர்த்தியாக இருந்தது. அதில் இருந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக எறும்புகள் வேரை அரித்து விற்றன என்பது கதையின் மிச்சம்.

மாலை நான்கரை மணிக்கு ஆலோசகர் அச்சகத்துக்கு நடந்தார். வானம் கறுத்து, காற்று நின்று, புழுங்கிக்கொண்டிருந்தது. அச்சகத்தின் முன்கூடத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளையும் உறிஞ்சி எடுத்து மறுபக்கம் தள்ளும் சத்தம் மூச்சிரைப்பதுபோல் கேட்டது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அச்சகக்காரர் மைபடிந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார். மனைவி தரையில் வட்டமாக அடுக்கிய தாள்களைச் சுற்றி நடந்து, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று என்று சேர்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அறையை முழுக்க அடைத்துக்கொண்டு காகிதம் வெட்டும் இயந்திரம் நின்றது. சுற்றிலும் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம்.

தாம் ஒரு தவறு செய்துவிட்டதாக ஆலோசகர் சொன்னார். துண்டுத்தாள்களைத் தம் எதிரில்தான் எழுத வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியது தம் பிழை. கையெழுத்துக்கு முன்பு இன்னொருமுறை எழுத வேண்டும், தனித்தனியாக.

அச்சகக்காரர் சிரித்தார். "மேடம், அதுல தப்பே இருக்காது. நாங்க மூணு தடவ ப்ரூஃப் பாத்துத்தான் குடுத்தோம்."

"ப்ரூஃப் பாத்தீங்களா?"

"ஆமா. ரெண்டு பேரும் தனியாத்தான் எழுதினோம். அப்புறம் இவ வாசிச்சா, நான் என் தாளை வெச்சு ஒத்துப் பாத்தேன். வித்தியாசம் வந்த இடத்துல மூலத்தைப் பாத்தோம், அதான் கடன் பேப்பர். மூலத்துல இல்லாதத அடிச்சுட்டு, சுத்தமா மறுபடி எழுதிக் குடுத்தோம். ரெண்டு பிரதி ரெண்டு விதமா வெளிய போச்சுன்னா அச்சகத்துக்கே அசிங்கம் மேடம்."

வெளியே முதல் இடி முழங்கியது. ஆலோசகர் மிக நிதானமாகக் கேட்டார்.

"எத்தனை வரி அடிச்சீங்க?"

அச்சகக்காரர் இயந்திரத்தின் பக்கம் திரும்பி மை உருளையைப் பார்த்தார். தாள் அடுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கால்கள் நின்றன.

"ஒரு வரி" என்றார் மனைவி. "என் தாள்ல இருந்தது. அவர் தாள்ல இல்ல. மூலத்துலயும் இல்ல."

"நீ சும்மா இரு."

"ரெண்டு வருஷமா சும்மாதாங்க இருக்கேன். மேடம், இவங்க அக்காகிட்ட ரெண்டு லட்சம் வாங்கினோம். அதோ நிக்குது பாருங்க, அந்த ரெண்டு லட்சம்."

அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அதுவரை இரைச்சலில் மறைந்திருந்த அமைதி கூடம் முழுவதும் பரவியது. அவர் ஆலோசகரிடம்தான் பேசினார், மனைவியைப் பார்க்கவில்லை.

"அது கடன் இல்ல மேடம். கூடப் பொறந்தவள வட்டிக்குக் குடுக்கறவன் வரிசையில எழுதச் சொல்றீங்களா? அவளுக்கு ஒண்ணுன்னா நான் பாக்க மாட்டேனா? பட்டியல்ல அவ பேர எழுதினேன்னா அவ எனக்கு வேத்தாள்னு அர்த்தம்."

"சரி, எழுத வேண்டாம்" என்றார் மனைவி. "அடுத்த மாசம் அவங்க எங்க படுப்பாங்க? கத்திக்குக் கீழயா?"

ஆலோசகர் குறுக்கிடவில்லை. அக்காவின் வேலை எப்போது முடிகிறது, அறை எங்கே பார்த்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் நாக்கின் நுனியில் இருந்தன. விழுங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அச்சகக்காரரின் செல்பேசி ஒலித்தது. பஞ்சுவின் குரல், கூடத்தின் அமைதியில் எல்லாருக்கும் கேட்கும் அளவுக்கு, பஞ்சுபோலவே வந்தது. நாளை பதினொன்றை நினைவுபடுத்தினார். எப்படி ஆனாலும் வியாழக்கிழமைக்கு வண்டி சொல்லி வைத்திருப்பதாகவும், கையெழுத்தாகிவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும், எதற்கும் ஒரு தகவலுக்காகச் சொல்வதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

"கேட்டீங்கல்ல?" என்றார் அச்சகக்காரர். "இப்பப் போயி புதுசா ஒரு வரி சேத்தா அவன் மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுடுவான். நாளைக்கு ஒரு நாள் போகட்டும் மேடம். அக்காவுக்கு நான் தனியாப் பாத்துக்கறேன்."

"எதுல இருந்து பாப்பீங்க? முப்பத்தாறு மாசத்துக்கு உங்க கையில என்ன மிஞ்சும்னு நானும் நீங்களும் சேந்துதானே கணக்குப் போட்டோம்?"

அவர் மைத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"இது முழு விவரம்னு நானும் கையெழுத்துப் போடணும். இன்னிக்குக் காலையில போட்டிருப்பேன். இப்ப அது முழு விவரம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த வரி இல்லாம என்னால போட முடியாது. தாளை வீட்டுக்குக் குடுத்தது என் தப்பு. அதிகாரிகிட்ட அதை நானே சொல்றேன்."

"அப்ப எங்கள நடுத்தெருவுல நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க." அச்சகக்காரர் துணியை இயந்திரத்தின்மேல் எறிந்தார். "கரை ஏத்தறேன்னு கையப் புடிச்சுட்டு வந்து, கரையில வெச்சு விடறீங்க. போங்க மேடம். நாங்க வரதா இல்லையான்னு நாளைக்குத் தெரியும்."

ஆலோசகர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அச்சகக்காரர் வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்று மனைவி பின்னர் சொன்னார். அக்காவிடம் நேரே போய், 'இது கடன் அல்ல, அன்பளிப்பு' என்று இரண்டு வரி எழுதி வாங்கிவந்துவிட்டால் மேடத்தின் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தாளும் பேனாவும் சட்டைப் பையில் இருந்தன. மருத்துவமனைச் சமையலறையின் பின்வாசலில், ஆவி பறக்கும் பெரிய பாத்திரங்களுக்கு இப்பால், அக்காவின் முதுகு தெரிந்தது. கூட வேலை செய்யும் பெண் எதையோ நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், ரிட்டயர் ஆனதும் தம்பி வீட்டுக்குத்தானே போகப் போகிறீர்கள் என்று.

"அவன் வீட்டுல மெஷினுக்கே இடம் பத்தல. என்னைக் கூரையில ஆணி அடிச்சுத்தான் மாட்டணும்" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டுக் கிளறியவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது ஆவியின் வேர்வையாகவும் இருக்கலாம். அச்சகக்காரர் உள்ளே போகவில்லை.

பதினொரு மணிக்கு நிறுவனத்தின் வரவேற்பறையில் ஆலோசகர் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பஞ்சு இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்துக்கு இருவரும் வந்தார்கள். நனைந்த செருப்புகளை வாசலில் விட்டார்கள். அச்சகக்காரர் ஒரு தாளை ஆலோசகரிடம் நீட்டினார். அவர் கையெழுத்தில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்தாவது வரி: அக்கா, இரண்டு லட்சம்.

பஞ்சு அதை வாசித்துவிட்டு மேசைமேல் மெல்ல வைத்தார். ஆலோசகர் தம் பிழையை முதலில் சொன்னார். பிறகு, நிறுவனத்தின் மாதத் தவணையில் ஒரு காசும் குறையாது. வெட்டும் இயந்திரத்தை விற்று அந்தப் பணத்தை அக்காவுக்குக் கொடுக்க அனுமதித்தால் போதும். மிச்சம் முப்பத்தாறு மாதத்துக்குப் பிறகு என்றார்.

"அந்த மெஷின் தொழிலுக்குத் தேவைன்னு சொன்னதாலதான் விட்டு வெச்சோம்" என்றார் பஞ்சு. "இப்பத் தேவை இல்லைன்னா அந்தப் பணம் முதல்ல எங்களுக்குத்தான். உறவுக்குள்ள கைமாத்தினதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

"வாங்கினவன் நான் சொல்றேன்" என்றார் அச்சகக்காரர். "குடுத்தவ கேக்கல. வாங்கினவனே ஒத்துக்கறேன். இதுக்கு மேல என்ன சார் ஆதாரம்?"

"வாங்கினவங்க சொல்றதை நம்பறதா இருந்தா எனக்கு இந்த வேலையே இல்லீங்க." குரல் இன்னும் தாழ்ந்தது. "ஐந்தாவது வரியை அடிச்சுடுங்க. இப்பவே கையெழுத்துப் போடலாம். வண்டிக்காரனுக்கு நான் போன் பண்ணிடறேன்."

அச்சகக்காரரின் முன்னால் பேனாவை உருட்டி வைத்தார். அது மேசைமேல் உருண்டு அவர் விரலில் தட்டி நின்றது. ஒரே ஒரு கோடு. மூன்று வாரத்துக்கு முன்பு அவர் அதைத் தயங்காமல் போட்டிருந்தார். மனைவி அவருடைய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு தடவ அடிச்சுட்டேன் சார்" என்றார் அவர். "இன்னொரு தடவ அடிக்க மாட்டேன். வண்டி அனுப்பறதுன்னா அனுப்புங்க."

ஆலோசகர் அப்போதுதான் பேசினார். "சார், நீங்க பாத்த திட்டம் எத்தனையோ இருக்கும். பெரும்பாலும் எப்ப உடையுது?"

பஞ்சு யோசித்தார். "நாலாவது, அஞ்சாவது மாசம்."

"எதனால? எழுதாம விட்ட வரியால. அது தனியா ஒரு பக்கம் இழுக்கும். இவரு அக்காவுக்கு மறைச்சுக் குடுப்பாரு, உங்க தவணை நிக்கும், நீங்க வண்டி அனுப்புவீங்க. இந்தத் தாள்ல ஒளிச்சு வெச்சது எதுவும் இல்ல. இந்த மாதிரி ஒரு தாள் உங்களுக்கு மாசத்துக்கு எத்தனை வருது?"

பஞ்சு எழுந்து உள்ளறைக்குப் போனார். மேலிடத்தோடு பேசுகிறார் என்பது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. இருபது நிமிடம். அச்சகக்காரர் தம் நகத்தில் இருந்த மையைச் சுரண்டினார்.   மனைவி தாழ்ந்த குரலில், இனி வெட்டும் வேலைக்குத் தாள்களைத் தலையில் சுமந்து நாலு தெரு போக வேண்டும், கூலி போக லாபம் குறையும், போகட்டும் என்றார்.

திரும்பிவந்த பஞ்சு உட்காராமலே சொன்னார். வெட்டும் இயந்திரத்தை விற்றுக்கொள்ளலாம். மாதத் தவணை ஒன்று தவறினாலும் திட்டம் ரத்து. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. வண்டிக்காரருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேனாவை மறுபடியும் நீட்டினார். மூவரும் கையெழுத்திட்டார்கள். வெளியே படியிறங்கியதும் அச்சகக்காரர் குடையை விரித்து, மனைவிக்கும் ஆலோசகருக்குமாகப் பிடித்துக்கொண்டு, தாம் மட்டும் நனைந்தபடி பேருந்து நிறுத்தம் வரை நடந்துவந்தார்.

வெட்டும் இயந்திரத்தை அன்று மாலைக்குள் ஒரு பெரிய அச்சகம் எடுத்துக்கொண்டது. அவசரத்துக்கு விற்றதால் ஒரு லட்சத்து ஐயாயிரம்தான் கிடைத்தது. அச்சகக்காரர் பேரம் பேசவில்லை. மறுநாள், வியாழக்கிழமை, பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் ஊழியர் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். அக்காவின் அறையில் பாதிச் சாமான் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கட்டிலின்மேல் செல்பேசி ஒளிர்ந்தபடி கிடந்தது.

தம்பி உட்காரவில்லை. "அக்கா, கடன் குடுத்தவங்க பட்டியல் எழுதினப்போ உன் பேர நான் அடிச்சேன்" என்றார். "இவ எழுதினா. நான்தான் அடிச்சேன். நேத்து காலையில இது கடனே இல்லைன்னு உங்கிட்ட எழுதி வாங்கறதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். தப்பு பண்ணிட்டேன்க்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாரும் ஏதேனும் சொல்லித் தூண்டிவிட்டார்களோ என்ற ஐயம் அவள் கண்ணில் வந்துபோனது.

"யாருடா உனக்குச் சொன்னா, எனக்குப் பணம் வேணும்னு?"

"யாரும் சொல்லல. கணக்குப் பாக்கற எடத்துல தாளை மறுபடி எழுதச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவள் முகம் தெளிந்தது. தம்பி ஓர் உறையை நீட்டினார். மெஷினை விற்றாயிற்று, உள்ளறை காலியாக இருக்கிறது, இன்றைக்கே வந்துவிடு என்றார். மனைவியும் அதையே சொன்னாள், மெய்யாகவே சொன்னாள்.

"வரேன், போறேன். ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றாள் அக்கா. "ஆனா குடியிருக்க வரலடா. முப்பது வருஷமா ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த ரூம்ல இருந்துட்டேன். இனிமே என் கதவுக்கு என் பூட்டு."

"சரிக்கா. இதுல ஒரு லட்சத்து அஞ்சாயிரம் இருக்கு. மிச்சம் தொண்ணூத்தஞ்சு. மூணு வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்க முடியும். எண்ணிக்கோ."

"உங்கிட்ட வாங்கி நான் எண்றதா?"

"எண்ணுக்கா. எண்ணினாத்தான் நான் குடுத்தேன்னு ஆகும்."

 அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரலை நாவில் தொட்டு, எண்ணத் தொடங்கினாள். சமையலறையில் தட்டுகளை எண்ணி அடுக்குகிறவளுடைய வேகம். ஒருமுறை எண்ணி முடித்தாள். கட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து இன்னொருமுறை எண்ணினாள். தம்பி கைகட்டி நின்றார். பாதியில் அவள் விரல் நின்றது. ஒரு நோட்டை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அவரிடம் நீட்டினாள்.

"இது ஓரத்துல கிழிஞ்சிருக்கு. மாத்திக் குடு."

தம்பி தம் சட்டைப் பையைத் துழாவி, இருந்ததிலேயே நல்ல நோட்டாகப் பார்த்து எடுத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார்.